ஷட் டவுன் கொடுத்தும் அணையாத சிஸ்டம்: ஃபார்மட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

மடிப்பாக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப், விண்டோஸ் 10, பழைய ஹார்டு டிஸ்க், பிற்பாடு சேர்த்த ஒரு எஸ்எஸ்டி. ஷட் டவுன் கொடுத்தால் சில நாள் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சில நாள் திரை அணைந்துவிடுகிறது, ஆனால் சிபியூவில் ஃபேன் ஓடுகிறது, முன்பக்க விளக்கும் எரிகிறது. சில முறை முழுசாக அணைந்து, ராத்திரி தானாகவே ஆன் ஆகியிருக்கிறது. அப்பா கடுப்பாகி சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிடுகிறார். கடையில் கேட்டால், 'விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மட் போட்டா சரியாயிடும்' என்கிறார்கள். போடலாமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லியிருப்பது ஒரு கோளாறு இல்லை, மூன்று. மூன்றும் ஒரே காரணத்தால் வரலாம், மூன்று காரணங்களால் தனித்தனியாகவும் வரலாம். இதில் பாதிக்கு மேல் ஃபார்மட்டுக்குச் சம்பந்தமே இல்லாதவை. ஃபார்மட் போட்டுவிட்டு, நாலு நாள் கழித்து அதே ஃபேன் அதே மாதிரி ஓடினால், உங்கள் ஃபைலும் போய், பணமும் போய், பழைய இடத்திலேயே நிற்பீர்கள்.

முதலில் ஷட் டவுன் என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே கை வைப்பது என்று தெரியும். நீங்கள் பட்டனை அமுக்கியதும் விண்டோஸ் முதலில் திறந்திருக்கும் ப்ரோகிராம்களிடம் 'மூடிக்கொள்' என்று சொல்கிறது. அப்புறம் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களை நிறுத்துகிறது. டிஸ்க்கில் எழுத வேண்டியதை எழுதி முடிக்கிறது. அப்புறம் ஒவ்வொரு டிரைவரிடமும் அதனதன் சாதனத்தை அணைக்கச் சொல்கிறது. எல்லாம் முடிந்த பிறகு ஏசிபிஐ என்ற ஏற்பாட்டின் வழியாக மதர்போர்டுக்கு 'கரன்டை நிறுத்து' என்று சொல்ல, மதர்போர்டு, எல்லாவற்றுக்கும் கரன்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகும் பச்சை வயரில் இருக்கும் சிக்னலை விடுகிறது, எஸ்எம்பிஎஸ் தன் முக்கிய வெளியீடுகளை நிறுத்துகிறது. வட்டம் சுற்றுகிறது என்றால் முன்பாதியில் ஏதோ மாட்டியிருக்கிறது. திரை அணைந்தும் ஃபேன் ஓடுகிறது என்றால் பின்பாதியில். அணைந்து மறுபடி ஆன் ஆகிறது என்றால் அது அணையாத பிரச்சினையே இல்லை, யாரோ எழுப்பிவிடும் பிரச்சினை.

1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அமைப்பைக் கொண்டுவருவதற்கு முன்னால் இந்தத் தலைவலி கிடையாது. விண்டோஸ் 95 காலத்துப் பழைய பெட்டிகளில், இப்போது கணினியை அணைக்கலாம் என்று கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில் வரும், நாமே கையால் சுவிட்சை டப் என்று அணைப்போம். சாஃப்ட்வேரே கரன்டை நிறுத்தும் வசதி வந்ததும் இந்தப் புகாரும் கூடவே வந்தது. விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இது எவ்வளவு பரவலாக இருந்தது என்றால், ஷட் டவுனுக்கென்றே மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது.

சரி, உங்கள் சிஸ்டத்துக்கு வருவோம். முதலில் கை வைக்க வேண்டியது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8இல் 2012இல் வந்தது, பெரும்பாலான சிஸ்டங்களில் தானாகவே ஆன் ஆகி இருக்கும். இது இருக்கும்போது நீங்கள் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. உங்கள் ப்ரோகிராம்களை மட்டும் மூடிவிட்டு, தன் மையப் பகுதியான கெர்னலையும் டிரைவர்களையும் இருந்த நிலையிலேயே சி டிரைவில் ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டு படுக்கிறது, காலையில் அதை அப்படியே எடுத்து விரிக்கிறது. அதனால் ஒரு டிரைவர் குழம்பிப் போயிருந்தால், அந்தக் குழப்பமும் தினமும் பத்திரமாகச் சேமிக்கப்பட்டு மறுநாள் திரும்பி வருகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். 'ஷட் டவுன் சரியா ஆகல, ரீஸ்டார்ட் நல்லா ஆகுது' என்று யாராவது சொன்னால் என் சந்தேகம் முதலில் இங்கேதான் போகும்.

இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூவைத் தட்டினால் கீழே அப் டைம் என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். நேற்று ராத்திரி அணைத்து இன்று காலை போட்ட சிஸ்டத்தில் அது சில மணி நேரம்தான் காட்ட வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாள் என்று காட்டினால் அத்தனை நாளாக அது உண்மையில் அணையவே இல்லை என்று அர்த்தம். உங்கள் வீட்டில் அப்பா சுவிட்ச் போர்டில் அணைத்த நாளிலெல்லாம் இந்த எண் பூஜ்யத்துக்குப் போயிருக்கும், ஆகவே ஒழுங்காக அணைந்த நாளுக்கு மறுநாள் பாருங்கள்.

சோதிப்பது சுலபம். ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஷட் டவுனைத் தட்டுங்கள். அந்த ஒரு முறை மட்டும் முழு ஷட் டவுன் நடக்கும். ஒரு வாரம் இப்படியே அணைத்துப் பார்த்து, பிரச்சினை வரவே இல்லை என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டான். நிரந்தரமாக நிறுத்த, கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், இடது பக்கம் பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வரியைத் தட்டி, இப்போது மாற்ற முடியாதவற்றை மாற்று என்று மேலே சின்னதாக இருக்கும் நீல வரியையும் தட்டினால்தான், கீழே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கு எதிரே இருக்கும் டிக்கை எடுக்க முடியும். அந்த நீல வரியைக் கவனிக்காமல் 'எனக்கு அந்த ஆப்ஷன் மங்கலா இருக்கு' என்று திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். இதை நிறுத்தினால் சிஸ்டம் ஆன் ஆக நேரம் அதிகமாகுமே என்று யோசிக்காதீர்கள். விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருந்தால் சில நொடிதான் வித்தியாசம். அதே சிஸ்டத்தில் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் சேர்த்துப் போட்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் நிறுத்தி வைக்க வேண்டும், ஏனென்றால் பாதித் தூக்கத்தில் இருக்கும் விண்டோஸ் டிரைவில் வெளியிலிருந்து எழுதினால் ஃபைல்கள் சிதையலாம்.

இதை நிறுத்திய பிறகும் வட்டம் சுற்றுகிறதா? அப்படியானால் ஏதோ ஒரு ப்ரோகிராமோ சர்வீஸோ மூட மறுக்கிறது. சில சமயம் விண்டோஸே நீலத் திரையில் இந்த ப்ரோகிராம் ஷட் டவுனைத் தடுக்கிறது என்று பெயரோடு சொல்லும். அவசரத்தில் எப்படியும் அணை என்று தட்டிவிட்டுப் போய்விடுகிறோம், அந்தப் பெயரை ஒரு முறை படித்தாலே போதும். சென்னையில் வீட்டு சிஸ்டங்களில் நான் அடிக்கடி பார்ப்பவை இவை: ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வைத்திருக்கும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனின் மென்பொருள், பிரிண்டரோடு வந்த சிடியில் இருந்த வேண்டாத யுடிலிட்டிகள், ஃபோட்டோக்களை இணையத்தில் ஏற்றிக்கொண்டே இருக்கும் கிளவுட் ப்ரோகிராம், அப்புறம் ஒன்றுக்கு இரண்டாக ஆன்டிவைரஸ். கடைசியாகச் சொன்னது ரொம்பச் சாதாரணம். கடைக்காரர் ஒன்று போட்டுக் கொடுத்திருப்பார், சந்தா முடிந்ததும் மகன் இன்னொன்று போட்டிருப்பான், பழையதை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். ஒன்றையாவது ஒழுங்காக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும் என்பது என் கட்சி.

யார் தடுக்கிறார்கள் என்று தெரியவில்லை என்றால் கிளீன் பூட், அதாவது வெளி ப்ரோகிராம்கள் எதுவும் இல்லாமல் விண்டோஸை மட்டும் தொடங்குவது. விண்டோஸ் கீயோடு ஆர் தட்டி, எம்எஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறந்து, சர்வீசஸ் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறை என்ற டிக்கை முதலில் போடுங்கள். இதை மறந்தால் விண்டோஸுக்கே தேவையானதையும் நிறுத்திவிடுவீர்கள், ஜாக்கிரதை. அப்புறம் மீதி எல்லாவற்றையும் நிறுத்தி, டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்திலும் எல்லாவற்றையும் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, ஷட் டவுன் கொடுத்துப் பாருங்கள். இப்போது சட்டென்று அணைந்தால், பாதிப் பாதியாக மறுபடி ஆன் செய்துகொண்டே வந்தால் எது என்று பிடித்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போகும், ஆனால் ஃபார்மட் போட்டு எல்லாவற்றையும் திரும்ப ஏற்றுவதைவிட இது குறைவுதான்.

இணையத்தில் வேறொரு வைத்தியமும் உலவுகிறது: விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் போய் சர்வீஸ்களுக்கு விண்டோஸ் காத்திருக்கும் நேரத்தைக் குறை, உடனே அணைந்துவிடும் என்று. அது ஏற்கெனவே 5000 மில்லிசெகண்ட், அதாவது 5 நொடிதான். அதையும் குறைத்தால் எழுதிக்கொண்டிருக்கும் ப்ரோகிராமைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதுதான் நடக்கும், கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் டேட்டா கெட்டுப்போய் அழுவார்கள். தொட வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் அந்தப் பழைய ஹார்டு டிஸ்க் மேலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்கள் இருந்தால், அங்கே எழுதவோ படிக்கவோ திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும், ஷட் டவுன் அதற்காகக் காத்திருக்கும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீல நிறத்தில் குட் என்று காட்டினால் சரி. மஞ்சளில் காஷன் என்று காட்டி, ரீஅலொகேட்டட் செக்டார், கரன்ட் பெண்டிங் செக்டார் என்ற வரிகளில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் ஃபோட்டோக்களையும் பத்திரங்களின் ஸ்கேன்களையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ஷட் டவுன் அப்புறம். மாற்றிய பிறகு அந்த டிஸ்க்கின் கேபிள்களைக் கழற்றி வைத்துவிட்டு ஷட் டவுன் கொடுத்துப் பார்த்தாலே வட்டத்தின் காரணம் அதுவா இல்லையா என்று தெரிந்துவிடும். விண்டோஸ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்று சதவீதம் ஓடும்போது வட்டம் சுற்றுவது கோளாறு இல்லை. பழைய ஹார்டு டிஸ்க்கில் அது முக்கால் மணி நேரம்கூட எடுக்கலாம். அந்த நேரத்தில் சுவிட்சை அணைத்தால்தான் கடைக்காரர் சொன்ன 'கரப்ட்' நிஜமாகவே நடக்கும்.

அடுத்தது திரை அணைந்தும் ஃபேன் ஓடுவது. ஒரு விஷயத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். ஃபேன் நின்ற பிறகும் கீபோர்டிலோ மவுஸிலோ மதர்போர்டிலோ ஒரு விளக்கு எரிவது பிரச்சினையே இல்லை. சுவரில் சுவிட்ச் ஆனில் இருக்கும் வரை எஸ்எம்பிஎஸ் ஊதா வயரில் 5 வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும், பவர் பட்டனை அமுக்கினால் கேட்பதற்கு மதர்போர்டு விழித்திருக்க வேண்டும் அல்லவா, அதற்காக. விண்டோஸுக்கு முன்னால் ஓடும், மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் இஆர்பி என்று ஒரு ஆப்ஷன் இருந்தால் அதை ஆன் செய்தால் அந்த விளக்குகளும் பெரும்பாலும் அணைந்துவிடும்.

ஆனால் உங்களுடையதில் ஃபேனே ஓடுகிறது. இது விண்டோஸின் தவறா, மெஷினின் தவறா என்று பிரிக்க ஒரு நல்ல வழி: சிஸ்டத்தை ஆன் செய்து, டெலீட் கீயையோ எஃப்2வையோ தட்டி பயாஸுக்குள் போய், அங்கிருந்தபடியே பவர் பட்டனை ஒரே ஒரு தட்டு தட்டுங்கள். விண்டோஸ் இன்னும் வரவே இல்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை, சட்டென்று அணைய வேண்டும். அணையவில்லை என்றால் விண்டோஸை விட்டுவிடுங்கள், பட்டன், மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் மூன்றில் ஒன்று. அணைந்தால் இன்னொரு சோதனை: பென் டிரைவில் உபுண்டு என்ற இலவச லினக்ஸை எழுதி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டி, அங்கிருந்து ஷட் டவுன் கொடுங்கள். அதுவும் பலமுறை ஒழுங்காக அணைந்தால், மெஷின் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, விண்டோஸ் பக்கம் ஏதோ டிரைவர் படுத்துகிறது.

டிரைவர் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மதர்போர்டின் சிப்செட் டிரைவர். அதிலும் இன்டெல் போர்டு என்றால் மேனேஜ்மென்ட் எஞ்சின் இன்டர்ஃபேஸ் என்ற டிரைவர். விண்டோஸ் 10 வந்த புதிதில் திரை அணைந்து ஃபேனும் விளக்கும் மட்டும் அப்படியே நிற்கிறது என்று நிறையப் பேர் புலம்பியதற்கு இது ஒரு பெரிய காரணமாக இருந்தது, விண்டோஸ் அப்டேட் தானாகப் போட்ட டிரைவரை எடுத்துவிட்டு, தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலுக்கென்று இருந்ததைப் போட்டவர்களுக்குச் சரியாயிற்று. உங்கள் மதர்போர்டின் மாடல் எண் போர்டிலேயே பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். அந்த நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடி, அங்கிருந்தே இறக்குங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரம் வரும் எதையும் போடாதீர்கள்.

டிரைவருக்கு முன்னால், செலவில்லாத ஒன்று. யுஎஸ்பியில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள், கீபோர்டும் மவுஸும் போதும். எக்ஸ்டர்னல் டிஸ்க், ஹப், வைஃபை டாங்கிள், அந்த டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், ப்ளூடூத் டாங்கிள், போன் சார்ஜர் வயர்கூட. அப்புறம் ஷட் டவுன். மலிவான ஹப் ஒன்று தனக்கென்று தனி அடாப்டர் வைத்துக்கொண்டு கரன்டைத் திருப்பி மதர்போர்டுக்குள்ளேயே அனுப்புவதுண்டு. அப்படி இருந்தால் சுவரில் அணைத்தாலும் போர்டில் ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும், பார்த்தால் பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

இனி நம் ஊர் விஷயம். மடிப்பாக்கம் கடலை ஒட்டியது இல்லை என்றாலும் நம் ஊர்க் காற்றில் ஈரம் குறைவே இல்லை. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும், கேபினெட் திருகுகள் துருப்பிடித்திருப்பதைப் பார்த்தாலே உள்ளே என்ன நிலைமை என்று தெரியும். இதில் முதலில் அடி வாங்குவது முன்பக்கப் பவர் பட்டன். மலிவான கேபினெட்டில் அது ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டும் அதன் பின்னால் மிளகு அளவு சுவிட்சும்தான். தூசியும் ஈரமும் சேர்ந்து பிசுபிசுத்துப் போனால் அமுக்கியது முழுசாக வெளியே வராது, பாதி ஒட்டியபடியே நிற்கும். அப்போது என்ன ஆகும்? சில சமயம் நாலு நொடிக்கு மேல் அமுக்கியதாக எடுத்துக்கொண்டு சிஸ்டம் திடீரென்று அணையும், சில சமயம் அணைந்த உடனே மறுபடி யாரோ தட்டியதாக நினைத்து ஆன் ஆகும். உங்கள் மூன்றாவது புகார் இப்படியும் வரலாம்.

சோதிப்பது இப்படி. சுவரில் அணைத்து, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால், மதர்போர்டின் கீழ் ஓரத்தில் மெல்லிய வயர்கள் கொத்தாக வந்து செருகியிருக்கும். அதில் பவர் எஸ்டபிள்யூ என்று எழுதியிருக்கும் இரண்டு துளைச் செருகியைத் தேடுங்கள். முதலில் செல்போனில் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருக்கும் விளக்கு வயர்களையும் ரீசெட் வயரையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க. பிறகு சிஸ்டத்தை வழக்கம்போல ஆன் செய்து, விண்டோஸ் வந்ததும் அந்தச் செருகியை மெதுவாக மேலே இழுத்து எடுத்துவிடுங்கள். அது குறைந்த வோல்ட்டேஜ் சிக்னல்தான், ஷாக் அடிக்காது, ஆனால் உள்ளே ஃபேனில் விரல் படாமல், உலோகம் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது ஷட் டவுன் கொடுங்கள். அணைந்து, அணைந்தபடியே இருந்தால் பட்டன்தான் குற்றவாளி. ரீசெட் பட்டன் வேலை செய்யும் நிலையில் இருந்தால் அதன் செருகியைப் பவர் பின்களில் மாட்டிவிட்டு, இனி ரீசெட்டை அமுக்கி ஆன் செய்யுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிடலாம். செலவே இல்லை.

பட்டன் இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ். ஏழெட்டு வருடம், கோடை வெயில், கரன்ட் போய் வந்துகொண்டிருக்கும் தெரு, உள்ளே கெட்டியாகப் படிந்த தூசி, இத்தனையும் பார்த்த எஸ்எம்பிஎஸ்ஸில் கெப்பாசிட்டர்கள் களைத்துப் போயிருந்தால் ஆச்சரியமில்லை. அதைத் திறந்து பார்க்காதீர்கள், அணைத்து வைத்த பிறகும் உள்ளே ஆபத்தான வோல்ட்டேஜ் தங்கியிருக்கும். தெரிந்தவரிடம் இருக்கும் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. புதிது வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போனால், கேபினெட்டோடு சேர்த்து இலவசமாகத் தருவதாகச் சொல்வதை வாங்காதீர்கள். பெட்டியில் 450 வாட்ஸ் என்று அச்சடித்துவிட்டு உள்ளே பாதிகூடத் தாங்காததெல்லாம் கிடைக்கிறது. பெயர் தெரிந்த நிறுவனத்தின், 80 பிளஸ் முத்திரை உள்ள, வாரன்டி பில்லோடு வருவதை வாங்குங்கள்.

ராத்திரி தானாக ஆன் ஆவதற்கு நம் ஊரில் ரொம்பச் சாதாரணமான காரணம் ஒன்று இருக்கிறது, நிறையப் பேர் இதை யோசிப்பதே இல்லை. பயாஸில் ஏசி பவர் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு ஆப்ஷன் உண்டு: அணைந்தே இரு, ஆன் ஆகு, பழைய நிலைக்குப் போ. இது ஆன் ஆகு என்று இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்குக் கரன்ட் ஒரு நொடி போய் வந்தாலே சிஸ்டம் எழுந்து உட்கார்ந்துவிடும். நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடும், கரன்ட் போனதே தெரியாது. காலையில் பார்த்தால் சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும். அப்பா சுவிட்ச் போர்டில் அணைத்துவிட்டு மறுநாள் போட்டதும் பட்டனைத் தொடாமலே ஆன் ஆகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் விடை கிடைத்துவிட்டது, பயாஸில் அணைந்தே இரு என்று மாற்றுங்கள். மாற்றியும் அடுத்த முறை பழையபடி ஆகியிருந்தால், கூடவே தேதியும் தப்பாகக் காட்டினால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

இது இல்லை என்றால் வேறு யாரோ எழுப்புகிறார்கள். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கில எழுத்தில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, இடம் விட்டு, ஸ்லாஷ் போட்டு லாஸ்ட்வேக் என்று அடித்தால் ஸ்லீப்பில் இருந்ததைக் கடைசியாக எது எழுப்பியது என்று பெரும்பாலும் சொல்லும், முழுசாக அணைந்திருந்தால் சொல்லாமலும் போகலாம். நெட்வொர்க் கார்டு என்று வந்தால் டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், கணினியை எழுப்ப அனுமதி என்ற டிக்கை எடுங்கள், பயாஸில் நெட்வொர்க் வழியாக எழுப்பும் வேக் ஆன் லேன் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

அணைந்த அதே நொடியில் மறுபடி ஆன் ஆனால் கதை வேறு. அணையும்போது ஒரு டிரைவர் விழுந்து நீலத் திரை வந்திருக்கும், ஆனால் விண்டோஸ் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும்படி அமைத்திருப்பதால் அந்தத் திரை கண்ணில் படும் முன்னே போய்விடும். சிஸ்டம் ப்ராப்பர்டீஸில் அட்வான்ஸ்டு, அதில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி, அங்கே தானாக ரீஸ்டார்ட் செய் என்ற டிக்கை எடுத்துவிட்டால் அடுத்த முறை நீலத் திரை நிற்கும், அதில் இருக்கும் பெயரை எழுதிக்கொள்ளலாம். டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர் என்று வந்தால் மேலே சொன்ன டிரைவர் கதைதான். அப்டேட் அண்ட் ஷட் டவுன் கொடுத்தால் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் அது விண்டோஸின் பழைய வியாதி. விண்டோஸ் 11இல் 2025 அக்டோபர் கடைசியில் வந்த அப்டேட்டில்தான் அதைச் சரிசெய்தார்கள்.

இவ்வளவையும் ஊகத்தில் செய்யாமல் இருக்க, விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவர் இருக்கிறது. விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம். நாலு எண்களைப் பாருங்கள். 1074 என்றால் யார் ஷட் டவுன் கேட்டார்கள் என்ற பதிவு. 6006 என்றால் விண்டோஸ் பெரும்பாலான வேலையை ஒழுங்காக முடித்துவிட்டது. 6008ம் 41ம் என்றால் முன்னறிவிப்பில்லாமல் கரன்ட் போயிற்று என்று அடுத்த முறை எழுந்ததும் விண்டோஸ் எழுதிய புகார். உங்கள் வீட்டில் 41 நிறைய இருக்கும், அதைப் பார்த்துக் கடைக்காரர் பயமுறுத்தினால் பயப்படாதீர்கள், அவற்றில் பெரும்பாலானவை அப்பா சுவிட்ச் போர்டில் அணைத்த ராத்திரிகள்தான். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திய பிறகு, ஃபேன் ஓடிய ஒரு நாளின் நேரத்தைக் குறித்துவைத்து அந்த நேரத்தில் 1074க்குப் பிறகு 6006 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ப்ரோகிராம்களையும் சர்வீஸ்களையும் நோண்டி நேரத்தை வீணாக்காமல் நேராக டிரைவர், பட்டன், எஸ்எம்பிஎஸ் என்று போகலாம்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். ஒழுங்காக அணைந்த பிறகு சுவிட்ச் போர்டில் அணைப்பது நல்ல பழக்கம்தான், இடி மின்னல் நாட்களில் பிளக்கையே பிடுங்கினால் இன்னும் நல்லது. ஓடும்போது அணைப்பதுதான் தப்பு, அதுவும் அந்தப் பழைய ஹார்டு டிஸ்க் உள்ளே இருக்கும்போது. வேறு வழியே இல்லை என்றால் டிஸ்க் விளக்கு மினுக்குவது நிற்கும் வரை கொஞ்சம் பொறுத்து, முன்பக்கப் பட்டனை நாலு நொடிக்கு மேல் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், ஃபேன் நின்ற பிறகு சுவிட்ச். பட்டனைப் பிடித்தும் ஃபேன் நிற்கவில்லை என்றால் அதையும் எனக்குச் சொல்லுங்கள், அது விண்டோஸ் சம்பந்தப்பட்டதே இல்லை. அப்புறம், கேபினெட் தகட்டைத் தொட்டால் லேசாகச் சுர் என்கிறதா என்றும் பாருங்கள். என்றால் எர்த் இல்லை, மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருக்கலாம். அதற்கு எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும், கம்ப்யூட்டர் கடை இல்லை.

ஃபார்மட் எப்போது? உபுண்டுவில் நன்றாக அணைந்து, கிளீன் பூட்டிலும் மாட்டி, டிரைவர்களை மாற்றியும், எஸ்எஃப்சி, டிஐஎஸ்எம் என்ற விண்டோஸின் சொந்தப் பழுதுபார்ப்பு இரண்டையும் ஓட்டியும் சரியாகவில்லை என்றால் அப்போது போடலாம். அந்த நிலைமை வந்தால் விண்டோஸ் 10ஐயே திரும்பப் போடுவதா என்று யோசியுங்கள், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும், உங்கள் சிஸ்டம் அந்த எல்லையில்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. பிராசசர் பெயரைப் பார்த்துச் சொல்லுங்கள். கடையில் கொடுக்கும்படி ஆனால் அந்தப் பழைய டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, எஸ்எஸ்டியோடு மட்டும் கொண்டுபோங்கள், முதலில் வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்று ராத்திரியே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்து, பயாஸில் அந்தக் கரன்ட் ஆப்ஷனைப் பார்த்து, யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் விடுவேன். அப்புறமும் ஃபேன் ஓடினால் மதர்போர்டு மாடல் எண், பயாஸுக்குள் பட்டன் சோதனையில் என்ன ஆயிற்று, அன்றைய ஈவன்ட் எண்கள், இந்த மூன்றையும் எழுதுங்கள், மேலே பார்க்கலாம்.